சுவருக்குள் ஓடும் மோட்டார்

மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் இறங்கட்டும் என்று ஆவுடையப்பன் கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்து காதைத் தலையணையில் வைத்தார். அது இருந்தது. வந்தது என்று சொல்ல முடியாது. வருகிற சத்தமாக இருந்தால் எங்கே ஏறினாய், எங்கே இறங்கப்போகிறாய், டிக்கெட்டை எடு என்று கேட்டுவிடலாம். தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க அதைத்தானே கேட்டார். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது. ம்ம்ம் என்று, வாயைத் திறக்காமல் ஒருத்தன் முனகினால் எப்படியோ அப்படி, ஆனால் மூச்சு விடாமல். ஸ்டாண்டில் இன்ஜினை அணைக்காமல் டிரைவர் டீ குடிக்கப் போனால் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தொடையில் ஒரு நடுக்கம் தெரியுமே, அது காதுக்குள் இருந்தால் இப்படித்தான் இருக்கும். காதை எடுத்தார், குறைந்தது. வைத்தார், இருந்தது. விரலை விட்டு அடைத்துக்கொண்டு வைத்தார், அப்போதும் கீழ்த்தாடையில் இருந்தது, கட்டிவைத்த பல்லில் இருந்தது. காது கேட்காத இடத்தில்கூடக் கேட்கிற சத்தம் என்ன சத்தம். எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தால் இல்லை. இல்லை என்று நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் படுத்தால் இருக்கிறது. "பிரமு," என்று கூப்பிட்டார். அவர் மனைவி பிரமு கண்ணாடி முன்னால் நின்று கொண்டையில் பூவைச் செருகிக்கொண்டிருந்தாள், அடுத்த தெருவில் வளைகாப்பு. "இங்க வந்து இந்தத் தலையணையில காதை வச்சுப் பாரு." "எனக்கு நேரமாச்சு. எல்லாரும் வந்திருப்பாக." "வச்சுட்டுப் போ." பிரமு வந்து, பூ நசுங்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையணையைத் தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. ஃபேன் சத்தமா இருக்கும்." "ஃபேனை நிறுத்திட்டுத்தான கேக்கச் சொல்லுதேன்." "அப்ப உங்க காதுக்குள்ளயே கேக்குதோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கேதான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸுக்குள் செக்கிங் ஏறினால் டிக்கெட் எடுத்தவன் செக்கிங் முகத்தைப் பார்ப்பான். எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான். ஜன்னலுக்கு வெளியே ஒரு மண்ணும் இருக்காது, கருவேலங்காடுதான் இருக்கும், அதைத் தாஜ்மஹாலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். இங்கே ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிற கம்பி. அதில் என்ன அவ்வளவு பார்க்க இருக்கிறது. "சாவகாசமாப் போயிட்டு வா," என்றார். அவள் போன பிறகு வெளிக்கதவின் கொக்கி ஆடி நிற்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் படுத்தார்.

இருந்தது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் இல்லை, ஃபிரிட்ஜ் ஓடும், ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், அதற்கும் ஓய்வு உண்டு. எதிர்க்கடை மாடியில் நட்டிருக்கிற செல்போன் டவரா என்றால், அது நட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, இது தை பிறப்பை ஒட்டி வந்தது. காதுதானா? அந்த எண்ணம் வந்தால் மட்டும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய பெரியத்தை ஒருத்தி கடைசிக் காலத்தில் யாரோ பக்கத்து வீட்டில் உரலில் இடிக்கிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், யாரும் இடிக்கவில்லை, முதலில் சிரித்தார்கள், பிறகு அவள் பேச்சுக்கு யாரும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் பயம். சத்தம் கேட்பது இல்லை, பதில் வராமல் போவது. ஆனால் ஆவுடையப்பன் ஒன்றும் பெரியத்தை இல்லை, சாட்சி வைத்துப் பேசுகிறவர். காதில் கோளாறு என்றால் காது போகிற இடமெல்லாம் கோளாறும் போக வேண்டும். பஜாருக்குப் போனார், காது கூடவே வந்தது, சத்தம் வரவில்லை. கோயிலில் தூணில் காதை வைத்துப் பார்த்தார், தூண் தூணாக இருந்தது. பிரகாரத்தில் இரண்டு பேர் ஒரு மாதிரியாகப் பார்த்ததுதான் மிச்சம். அடுக்களையில் இல்லை. முன்கூடத்துப் பட்டாசலில் கொஞ்சம். இந்த அறையில், அதுவும் கட்டில் கிடக்கிற இந்தச் சுவர்ப் பக்கம், முழுசாக. அப்படியென்றால் சுவருக்கு அந்தப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் பூவநாதன் வீடு. பூவநாதன் என்றால் கூடப்பிறந்த தம்பி. இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும்போல யோசனை ஒரு முறை நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, பிறகுதான் உள்ளே போனது.

ஒரே வீடாக இருந்ததுதான். நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்தார்கள். பட்டாசல் பாதி இங்கே, பாதி அங்கே. பாதிப் பட்டாசலில் படுத்தால் விட்டத்தின் மறுமுனை எங்கே போகிறது என்று தெரியாது, சுவருக்குள் நுழைந்து தம்பி வீட்டுக்குப் போய்விடும். சத்தம் அந்த விட்டத்தின் வழியாகக்கூட வரலாம். மரம் சத்தத்தைக் கடத்தும். பேச்சைக் கடத்தாது போலிருக்கிறது; இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்துப் பேச்சு ஒன்றுகூட இந்தப் பக்கம் முழுசாக வந்ததில்லை. சண்டை சொத்துக்காக இல்லை, அது சுமுகமாகத்தான் முடிந்தது. அம்மா போன பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அம்மாவின் வெங்கலப் பானை காணவில்லை என்று பேச்சு வந்தது. காணவில்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும், எடுத்தவர் வெளியே போகவில்லை என்றால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், இதில் தப்பென்ன? தம்பி பெண்டாட்டி உலகம்மாள், உலகு என்று கூப்பிடுவார்கள், ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். அவர் போய், சம்பந்திகள், சொக்காரப் பங்காளிகள், சமையல்காரர் எல்லாரும் நிற்க, "பெட்டியைத் திறந்து காமி," என்றார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைத்தான் பார்த்தாள், ஜன்னலைப் பார்க்கவில்லை, அது அப்போது அவருக்குத் தோன்றவில்லை, அவசரம். திறந்தாள். அம்மாவின் பழைய சேலைகள் இருந்தன, நாலைந்து, கிழிந்தவை, கட்டமுடியாதவை. அவற்றை எதற்கு எடுத்துவைத்தாள் என்று இன்றுவரைக்கும் அவருக்குப் புரியவில்லை. பானையும் கிடைக்கவில்லை. பூவநாதன் கையில் பாயச வாளியோடு நின்றவன், வாளியைக் கீழே வைக்காமலே, "நீ அண்ணனா வரல, செக்கிங்கா வந்திருக்க," என்றான். அவ்வளவுதான் சொன்னான். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம், அண்ணன் தம்பி கத்திக்கொண்டால் நாலு நாளில் சரியாகிவிடும். அந்தச் சொல் மட்டும் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. செக்கிங்காக வந்தேனாம். செக்கிங் என்றால் ஈனமா? எத்தனை கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்காமல் வசூலைப் பைக்குள் போட்டார்கள், எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார், ஒரு தடவைகூட அவர் கணிப்புத் தப்பியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர, அதுவும் வீட்டில். அந்த ஒரு தடவைக்காக ஒரு தம்பி இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பான் என்றால், அவன் திருட்டு ஒன்றாவது என்றைக்காவது வெளியே வரத்தான் வேண்டும், வந்தால் அந்தச் சொல் தன்னால் செத்துவிடும். ஆமாம், அதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அதுதான்.

ம்ம்ம். இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறதா? புரண்டு வலது காதை வைத்தார். அதே அளவு. மோட்டார்தான், வேறென்ன. ஊருக்கே தெரிந்த விஷயம்: நகராட்சித் தண்ணீர் வாரம் ஒரு நாளோ பத்து நாளைக்கு ஒரு நாளோ விடுகிறான், விடுகிற அன்றைக்குக் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவன் வீட்டில் தொட்டி நிறைகிறது, மாட்டாதவன் வீட்டில் குழாய் காற்றைத் துப்புகிறது. போன தடவை பிரமு நாலு குடம் பிடிப்பதற்குள் முதுகு ஒடிந்துபோனாள், நூல் மாதிரி விழுந்தது. உறிஞ்சுகிறான். ஆனால் தண்ணீர் விடாத அன்றைக்கும் ஏன் ஓட வேண்டும்? இன்றைக்குத் தண்ணீர் முறை இல்லை. நேற்றும் இல்லை. இந்த இடத்தில் யோசனை தட்டி நின்றது, தினமும் இதே இடத்தில்தான் நிற்கும், அவரும் தினமும் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார். குழாய்க்குள் மிச்சம் மீதி கிடக்குமே, அதைக்கூட விட்டுவைக்காமல் உறிஞ்சுகிறானோ என்னவோ. சாட்சி இல்லாமல் சொல்லவில்லை. தை பிறக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் தம்பி வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது, இரண்டு பேர் இறக்கினார்கள், இடுப்பளவு உயரம், அடியில் சக்கரம், மேலே போர்வை. போர்வை எதற்கு? பொங்கலுக்கு டிவி வாங்கினால் போர்வை போர்த்தியா இறக்குவான், தெருவே பார்க்கட்டும் என்று அட்டைப் பெட்டியோடு வாசலில் வைப்பான். மறைக்க வேண்டியதைத்தான் போர்த்துவார்கள். அப்புறம் உலகு ஒரு பையில் கண்ணாடி மாதிரி சன்ன டியூப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதை மாடியிலிருந்து அவர் கண்ணாலேயே பார்த்தார். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் மாதிரி, அதைவிட மெல்லிசு. மோட்டார் இல்லாத வீட்டுக்கு டியூப் எதற்கு? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பிரமு சொல்வாள். சொல்லட்டும். மஞ்சளாக இருக்கிறதும் காமாலைக்காரன் கண்ணுக்கு மஞ்சளாகத்தானே தெரியும்.

நகராட்சிக் குழாய் ஃபிட்டரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் வால்வைத் திருப்பிக்கொண்டே, "சத்தம் கேக்குதுன்னு சொன்னா வரமுடியாது சார். அவுக வீட்டு மோட்டார்தான்னு உறுதியாச் சொல்லுங்க, ஆளோட வந்து கனெக்ஷனையே கட் பண்ணிருதேன்," என்றான். உறுதி. உறுதிக்கு எங்கே போவது, அவன் வீட்டுக்குள் போகவா முடியும். போனால் பூவநாதன் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான். இருமுவான். இருமல்தான் அவனுக்குப் பேச்சு. ஜின்னிங் ஃபேக்டரியில் பருத்தியை அரைத்துக் கொட்டை நீக்குகிற இடத்தில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில், காது மடலில், மூக்குக்குள் பஞ்சு ஒட்டியிருக்கும், சின்ன வயதில் அம்மா அவன் தலையைத் துண்டால் தட்டி, கிழவனாகிவிட்டாயேடா என்று சிரிப்பாள். காலையில் ஒரு இருமல் இருமுவான், சுவருக்கு இந்தப் பக்கம் ஆவுடையப்பனுக்கு அதுதான் விழிப்பு. இன்னும் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுவார். அந்த இருமல் இப்போது கேட்பதில்லை. எப்போதிருந்து? அவர் தலையணையிலிருந்து காதை எடுத்தார். எப்போதிருந்து என்று யோசிக்கத் தேவையில்லை, தெரியும். இந்தச் சத்தம் வந்ததிலிருந்து. மோட்டார் சத்தத்தில் இருமல் அமுங்கிப்போகிறது. அப்படித்தான் இருக்கும். மோட்டார் சத்தத்தில் இருமல் அமுங்குமா? அமுங்கும். முனகல் மாதிரி கேட்கிற சத்தத்தில், நாலு வீடு கேட்கிற இருமல் அமுங்குமா? அமுங்கும் என்றார் வாய்விட்டே, யாரோ மறுத்ததுபோல. இல்லையென்றால் இருமல் குணமாகியிருக்கும். நல்லதுதானே, குணமாகட்டும், இருமலும் இல்லாமல் தண்ணீரும் நிறைய இருந்தால் அவனுக்கென்ன. தம்பியை வாசலில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? மாடியில் நின்றால் அவன் சைக்கிள் தெரியும். சைக்கிள் அதே இடத்தில் நிற்கிறது. சீட்டில் தூசி. சைக்கிளைப் பற்றி இப்போது எதற்கு யோசனை, சைக்கிளா சத்தம் போடுகிறது. அவர் எழுந்துவிட்டார். படுத்திருந்தால் இப்படித்தான், மனசு வேண்டாத ஸ்டாப்பில் எல்லாம் நிறுத்தும்.

உறுதி வேண்டும் என்றானே ஃபிட்டர். உறுதி அவர் வீட்டு நடையிலேயே ஆணியடித்து மாட்டியிருந்தது. பாகம் பிரித்தபோது நடை அவர் பங்குக்கு வந்தது, நடைச் சுவரில் இருந்த மின்சாரப் பலகையும் கூடவே வந்தது. ஒரே மரப்பலகையில் இரண்டு மீட்டர், அவர் வீட்டுக்கு ஒன்று, தம்பி வீட்டுக்கு ஒன்று, அதனதன் கீழே பீங்கான் ஃபியூஸ் கட்டை. தம்பி பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஆபீசுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்து தெருமுனைக்குக்கூடப் போகாதவர்கள் ஆபீசுக்கு எங்கே போவது, அப்படியே நின்றுவிட்டது. கணக்கெடுக்க வருகிறவன் இங்கேதான் வருவான், இரண்டு மீட்டரையும் பார்ப்பான், பூவநாதன் வீட்டு அட்டையைச் முற்றத்துச் சுவருக்கு மேலாகக் கை நீட்டி வாங்கி எழுதிக் கொடுப்பான். அப்போது ஒரு கை மட்டும் சுவருக்கு மேலே வரும். உலகுவின் கை. போன தடவை வந்த கையில் வளையல் குறைந்திருந்தமாதிரி இருந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதலில் தன் வீட்டைத் தானே சோதித்துக்கொள்கிறவன்தான் நியாயஸ்தன். தன் கட்டையைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, சாமி மாடத்தில் குட்டிச் சிவப்பு பல்பு அணைந்தது, வீடே கண்ணை மூடிக்கொண்டமாதிரி ஆனது. வேகமாகப் போய்க் கட்டிலில் காதை வைத்தார். இருந்தது. அவருக்குத் தலை முதல் கால் வரைக்கும் ஒரு சந்தோஷம் ஓடியது, பல மாதமாக இப்படி ஒரு சந்தோஷம் இல்லை. காது இல்லை, பெரியத்தை இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. திரும்பி வந்து தன் கட்டையை மாட்டினார். ஸ்டூல் மேலேயே நின்று பக்கத்துக் கட்டையைப் பார்த்தார். அடுத்தவன் ஃபியூஸில் கை வைப்பது தப்பு. தப்புதான், ஒரு நிமிஷம்தான். கரண்ட் போகாத ஊரா இது, நாளைக்கு நாலு தடவை போகிறது, இதுவும் ஒன்று என்று இருந்துவிடுவார்கள். சத்தம் நின்றால் அவன் மோட்டார். நிற்காவிட்டால்? நிற்காவிட்டால் அவன் யோக்கியன், நான் செக்கிங். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். செருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார், யாரிடமோ பேசப்போகிறவர்போல. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்வாள்? இறங்குடா கீழே என்பாள். அவள் இருந்திருந்தால் சுவரே இருக்காது. பிடுங்கினார்.

நின்றது. கட்டிலுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. பலகையில் கை வைத்திருந்தார், பலகை வழியாகவே தெரிந்தது, சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. இத்தனை மாதமாகப் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்த யாரோ கையை எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். அவன் மோட்டார்தான். ஃபிட்டரிடம் எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், பிரமு வந்ததும் எப்படி ஆரம்பிக்க வேண்டும், சொந்தக்காரர்கள் யார் யாருக்கு இது எப்படிப் போய்ச் சேரும், எல்லாம் ஒரே சமயத்தில் மனசில் வரிசையாக நின்றன. அப்போது அந்தப் பக்கம் பீ என்று ஒரு கூச்சல் ஆரம்பித்தது. ஆள் கூச்சல் இல்லை, மெஷின் கூச்சல், விட்டு விட்டு, பீ, பீ, பீ. தண்ணீர் மோட்டார் நின்றால் கத்துமா? எந்த மோட்டாரும் கரண்ட் போனதற்குக் கத்தி அவர் கேட்டதில்லை. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ ஓடினார்கள், ஒரு ஆள்தான் ஓடினார், ஆனால் இங்கேயும் அங்கேயும். உலகுவின் குரல், பதினாறாம் நாளுக்குப் பிறகு அவர் முழுசாகக் கேட்ட குரல், சுவர் வழியாக அல்ல, திறந்துகிடந்த முற்றத்து வழியாக வந்தது: "பதறாதீங்க, நிமிர்ந்து உக்காருங்க, மெதுவா இழுங்க, இந்தா மாட்டிட்டேன், இழுங்க, மூக்கால இழுங்க." அதற்குப் பிறகு இருமல். அதே இருமல். இல்லை, அது இல்லை, அதில் பாதி. முழுசாக இரும அவனிடம் மூச்சு இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் ஒரு இழுப்பு, வறண்ட குழாயில் குடத்தை வைத்தால் வருமே காற்று, அந்தச் சத்தம். அப்போதுதான் ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றால் ஒன்றொன்றாக இல்லை, போர்வையும் டியூப்பும் சைக்கிள் தூசியும் பிரமு ஜன்னலைப் பார்த்ததும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. ஆஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறாரே, மூச்சுத் திணறுகிறவனுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்குமே, கொரோனா வந்து ஊர் முழுக்க அதைத் தேடி அலைந்த வருஷம் ஒன்று இருந்ததே. இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார். தம்பி மூச்சு விடுகிற சத்தத்தின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டு இத்தனை நாளாகத் திருடன் திருடன் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

கட்டையை மாட்டப் போனார். கட்டை இடத்தில் உட்காரவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார், திருப்பினார், விரல் வழுக்கியது, பீங்கான் பலகையில் மோதி ஓரம் தெறித்தது. "பூவு, பொறுடா, பொறுடா," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். ஒரு பொறி பறந்து கையில் சுள்ளென்று அடித்தது, விடாமல் இன்னும் அழுத்தினார், நெஞ்சால்கூட அழுத்தினார். அந்தப் பக்கம் கூச்சல் சட்டென்று நின்றது. ஏதோ ஒன்று உறுமி, தடுமாறி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. ம்ம்ம். இருமல் இரண்டு வந்தது, பிறகு ஒன்று, பிறகு வரவில்லை. வராதது இருமல் அடங்கியதாலா, அவன் மூச்சே அடங்கியதாலா என்று தெரிய அவர் காதைச் சுவரில் வைத்தார். உலகு ஏதோ கேட்டாள், மெலிசாக ஒரு ஆண் குரல் பதில் சொன்னது. என்ன சொன்னது என்று கேட்கவில்லை, குரல் போதும். ஆவுடையப்பன் ஸ்டூல் மேல் நின்றபடியே நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டார்.  வெளிக்கதவின் கொக்கி எடுக்கிற சத்தம் கேட்டது. பிரமு அதற்குள்ளாகவா திரும்பிவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தார். உலகு நின்றாள். தலை கலைந்து, சேலை முந்தானையை இழுத்துச் செருகியபடி, வாசற்படிக்கு இந்தப் பக்கம். பாகம் பிரித்த பிறகு அவள் இந்தப் படியை மிதித்ததில்லை. ஸ்டூல் மேல் இவர், கை இன்னும் தம்பி வீட்டுக் கட்டையின் மேல். ஒளித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பெட்டியோடு அவள் நின்ற இடத்தில் இன்றைக்குத் தான் நிற்பதுபோல, அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தார்.

உலகுவுக்கு மூச்சு வாங்கியது. "எதுத்த வீட்டுல ஃபேன் ஓடுது, நம்ம வீட்டுல மட்டும் இல்ல, ஃபியூஸாத்தான் இருக்கும்னு ஓடியாந்தேன். அதுக்குள்ள நீங்களே பாத்துட்டீகளா அத்தான்," என்றாள். அவர் கட்டையிலிருந்து கையை எடுத்தார். "சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்கோம், அதுல மாட்டி விடுறதுக்குள்ள உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. இப்ப தேவலை. நீங்க உடனே போட்டதால ஆச்சு." "எத்தனை நாளா?" என்றார் ஆவுடையப்பன்.  "மார்கழியிலருந்தே முடியல. பஞ்சுத் தூசி நுரையீரல்ல படிஞ்சு போச்சாம். இனிமே அந்த மெஷின்தான், ராப்பகலா ஓடணும்னு சொல்லிட்டாக." கொஞ்சம் தயங்கினாள். "பிரமுக்கா உங்ககிட்ட சொல்லியிருப்பாகளே. சொல்ல வேண்டாம்னுதான் அவுக சத்தியம் வாங்கினாக, அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாகன்னு. ஆனா அக்காவால சொல்லாம இருக்க முடியாதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நீங்க இப்படி வந்து நிக்கதப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு." அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினாரா, ஆமாம் என்று ஆட்டினாரா, அவருக்கே தெரியாது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். "கரண்ட் போகும்போதெல்லாம் உசுரு போயி உசுரு வருது. போர்டை நம்ம பக்கம் மாத்திக்கிடுவோம், நான் போயி அத்தான்கிட்ட பேசுதேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அவுக கேக்கல. அது அண்ணன் பக்கமே இருக்கட்டும் உலகு, எனக்கு அதுதான் தைரியம்னு சொல்லிட்டாக." ஆவுடையப்பன் ஸ்டூலை விட்டு இறங்கினார். நான்தான் பிடுங்கினேன், என்று சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்ல முடியாது என்று நினைத்து வாயெடுத்தார். அதற்குள் உலகு அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.